டம்ளர், டபரா, ஒரு சாக்பீஸ்: குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சியை வீட்டில் பயன்படுத்துவது எப்படி

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் புத்தகம் படிக்கிறான், கீழே "நடுமூளைத் தூண்டல் பயிற்சி, ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது, இரண்டே நாள்" என்று கொட்டை எழுத்தில். கட்டணத்தைப் பார்த்தால் பாப்பாவின் யுகேஜி இரண்டாம் டெர்ம் ஃபீஸை விட அதிகம். இரண்டாம் மாடி அக்கா மட்டும் விடாமல், "பத்துப் பசங்களா சேர்த்துவிட்டா கொஞ்சம் குறைப்பாங்களாம், கேட்கட்டுமா?" என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் துப்பட்டாவை எடுத்து என் கண்ணைக் கட்டிப் பார்த்தேன். நீங்களும் கட்டிப் பாருங்கள். மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு சந்து இருக்கும், கண்ணைத் தாழ்த்தினால் மடியில் இருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும். அந்தப் பையனைப் புத்தகத்தை நெற்றி உயரத்தில் பிடித்துப் படிக்கச் சொன்னால் வித்தை அங்கேயே முடிந்துவிடும். இதையேதான் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் வருடக்கணக்காகச் செய்து காட்டுகிறார்கள். விரல் ரேகையை ஸ்கேன் பண்ணி உங்கள் பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று சொல்கிறோம் என்பதும் இதே கடையின் இன்னொரு சரக்குதான்.

இந்த மாதிரி மோசடியைக் கண்டுபிடிப்பது சுலபம். கஷ்டம் எங்கே என்றால், நிஜமான ஆராய்ச்சியைப் பாதி மட்டும் எடுத்து, நம் பயத்தோடு கலந்து விற்கிறார்களே, அங்கே. "மூணு வயசுக்குள்ள மூளை 80 சதவீதம் வளர்ந்துடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு ப்ளே ஸ்கூல் அட்மிஷன் டேபிளில் என்னிடமே சொன்னார்கள், அதுவும் பாப்பாவுக்கு இரண்டரை வயதாகி, இன்னும் ஆறே மாதம்தான் இருக்கிறது என்று நான் கணக்குப் போடும்படியாக. அளவில் மூளை சீக்கிரம் வளர்கிறது என்பது உண்மை. கற்றுக்கொள்வது மூன்று வயதோடு நிற்கிறது என்பது உண்மை இல்லை. முதல் பாதியைச் சொல்லி இரண்டாம் பாதியை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அதனால் இந்த விஷயத்தில் நான் எப்படிப் படிக்கிறேன், எதை வீட்டில் செய்கிறேன், எதை விட்டுவிட்டேன் என்று எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. வில்லிவாக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா, ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு இதையெல்லாம் தேடிப் படிக்கும் பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில், யாரை வைத்து, யாரோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்

"ஆராய்ச்சி சொல்கிறது" என்று யார் சொன்னாலும் உடனே கேட்க வேண்டியது, அந்த ஆராய்ச்சியில் இருந்தது யார், எத்தனை பேர், அவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான். இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசி ஃபார்வர்டு உதிர்ந்துவிடும்.

மொஸார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு மூளை கூடும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா ஏழு மாத கர்ப்பத்தில் வயிற்றில் ஹெட்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1993ல் நேச்சர் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரைதான் இதற்கெல்லாம் மூலம். அதில் இருந்தது 36 பேர், அத்தனை பேரும் கல்லூரி மாணவர்கள், குழந்தை ஒன்றுகூட இல்லை. பத்து நிமிடம் மொஸார்ட் கேட்டதும், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்று மனசுக்குள் பார்க்கும் மாதிரியான புதிரில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், அந்தப் பலனும் கால் மணி நேரத்தில் போய்விட்டது. இதை வைத்து 1998ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு இசை சிடி கொடுக்கக் கிளம்பிவிட்டார். இசை கேட்பதில் தப்பே இல்லை, இளையராஜாவைப் போடுங்கள், நீங்களாவது நிம்மதியாக இருப்பீர்கள்.

ப்ளே ஸ்கூல் விளம்பரங்களில் அடிக்கடி வரும் இன்னொன்று, சின்ன வயதுக் கல்வியில் போடும் ஒரு ரூபாய் பல மடங்காகத் திரும்பி வரும் என்பது. இது பொய்யில்லை, நல்ல ஆராய்ச்சிதான். பெர்ரி ப்ரீஸ்கூல் என்று பெயர், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962ல் ஆரம்பித்தது. மொத்தம் 123 பிள்ளைகள். ஒரு பாதியைப் பள்ளியில் சேர்த்தார்கள், இன்னொரு பாதியைச் சேர்க்கவில்லை, பிறகு நாற்பது வயது வரைக்கும் விடாமல் பின்தொடர்ந்து படிப்பு, வேலை, வருமானம், ஜெயிலுக்குப் போனது வரைக்கும் எடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் பல விஷயங்களில் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் மிக ஏழ்மையான கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள், படிப்பில் பின்தங்கிவிடுவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சேராத பாதிக்கு வேறு பள்ளி எதுவும் கிடையாது. ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள், வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள். அண்ணா நகரில் ஏசி போட்ட ப்ளே ஸ்கூலையும், தெருமுனையில் மின்விசிறி மட்டும் இருக்கும் ப்ளே ஸ்கூலையும் யாரும் அங்கே ஒப்பிடவில்லை. எந்த மிஸ் என் வீட்டுக்கு வாராவாரம் வரப்போகிறார்?

நம் ஊரிலேயே அதைவிட நமக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு அரைநாள் ஊழியரைப் போட்டார்கள். அந்த ஒரு ஆள் வந்ததும் பிள்ளைகளுக்குப் பாடம், கதை என்று செலவழித்த நேரம் இரண்டு மடங்கானது, ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் மொழியிலும் கணக்கிலும் நல்ல முன்னேற்றம், ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்திருந்தது. கட்டிடமோ பொம்மையோ மாறவில்லை. பிள்ளையோடு உட்கார ஒரு ஆள் கூடியது, அவ்வளவுதான். அங்கன்வாடி என்றாலே முகத்தைச் சுளிக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கொரோனாவுக்குப் பிறகும் இதே மாதிரிதான் நடந்தது. இல்லம் தேடிக் கல்வியில் தெருவில் இருக்கும் ஒரு அக்கா சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை ஆறே மாதத்தில் பிடித்துவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த சாயங்கால வகுப்பால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள்.

டம்ளரில் பால், டபராவில் பால்

படித்தது போதும், ஒரு சோதனையை நீங்களே செய்து பாருங்கள். இதற்குச் செலவு கிடையாது, நாலு அல்லது ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகப் பாலை ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவா என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்ன பிறகு, பிள்ளையின் கண் எதிரிலேயே ஒரு டம்ளர் பாலை டபராவில் ஊற்றுங்கள். இப்போது எதில் அதிகம்? எங்கள் வீட்டில் நடந்தது இது. பாப்பா டபராவை எட்டிப் பார்த்தாள், குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள், "இதுல கம்மியாயிடுச்சு" என்றாள். "யாராவது குடிச்சாங்களா?" "இல்ல." "அப்போ எங்க போச்சு?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "கீழ போயிடுச்சு." திரும்ப டம்ளரில் ஊற்றினேன். "ஹை, வந்துடுச்சு!" என்று கையைத் தட்டினாள், நான் ஏதோ மேஜிக் காட்டியது போல. என் மாமனாருக்கு ஒரே சந்தேகம், "என்னம்மா, குழந்தைக்கு இதுகூடத் தெரியலையே?" என்று கேட்டார்.

தெரியாது, அந்த வயதில் தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதே சோதனையைக் கண்ணாடிக் கோப்பைகளில் செய்து, உயரத்தையும் அகலத்தையும் சேர்த்து யோசிக்க ஏழு வயது போல ஆகும் என்று சொன்னார். பெரும்பாலான கட்டுரைகள் இத்தோடு நிறுத்திவிடும். எனக்கு அதைவிட உபயோகப்பட்டது அவருக்குப் பிறகு வந்தவர்கள் செய்த குறும்புதான். 1974ல் ஸ்காட்லாந்தில் மெக்கரிகல், டொனால்ட்சன் என்ற இரண்டு பேர், வரிசையாக அடுக்கிய வில்லைகளைப் பெரியவர்கள் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக்கார கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டதாக நடித்தார்கள். இப்போது எண்ணிக்கை அதேதானா என்று கேட்டால், முன்பு தப்பாகச் சொல்லும் வயதுப் பிள்ளைகளிலேயே நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். காரணம் இதுவாக இருக்கலாம்: பெரியவர் ஒருவர் ஒரு கேள்வியைக் கேட்டு, எதையோ மாற்றிவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது, வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

இதைப் படித்த அன்று சாயங்காலம் நான் ஹோம்வொர்க் நேரத்தில் என்னையே கவனித்தேன். "மூணும் ரெண்டும் எவ்ளோ?" "அஞ்சு." "நல்லா யோசிச்சு சொல்லு, எவ்ளோ?" "...ஆறு?" சரியான பதிலை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன், பிறகு கவனமே இல்லை என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன். இப்போது ஒரு முறைதான் கேட்பேன். அதன் பிறகு "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்பேன். பதில் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் இதே கேள்விதான், இல்லாவிட்டால் அதையும் பாப்பா, தப்பு என்பதற்கு அம்மா வைத்திருக்கும் சிக்னல் என்று பிடித்துக்கொள்வாள்.

வார்த்தையை எண்ணாதீர்கள், பேச்சைத் திருப்பிக் கொடுங்கள்

"பணக்கார வீட்டுக் குழந்தை ஏழைக் குழந்தையை விட மூன்று கோடி வார்த்தை அதிகமாகக் கேட்கிறது" என்று ஒரு பிரபலமான கணக்கு உண்டு. 1995ல் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் கான்சாஸில் 42 குடும்பங்களை மாதத்துக்கு ஒரு மணி நேரம் பதிவு செய்து, அதைப் பெருக்கிப் பெருக்கிப் போட்ட கணக்கு அது. அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் ஆறே ஆறு. அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பிறகு வந்த ஆய்வுகள் வேறு ஒரு இடத்தைச் சுட்டின. 2018ல் நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரைப் பார்த்ததில், எத்தனை வார்த்தை காதில் விழுந்தது என்பதைவிட எத்தனை முறை பேச்சு மாறி மாறிப் போனது என்பதுதான் மொழித்திறனோடு ஒட்டிப் போனது. நீங்கள் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இன்னொன்று சொல்ல வேண்டும். டிவி நாள் முழுக்கப் பேசும், ஆனால் பிள்ளை சொன்னதற்குப் பதில் சொல்லாது.

பாட்ரிஷியா குல் 2003ல் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து விளையாடிப் புத்தகம் படித்தார்கள், சீன மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் என்று காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. யூடியூபில் ரைம்ஸ் ஓடவிட்டு இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். இரண்டு வயதுக்குள் ஸ்கிரீனே வேண்டாம், ஐந்து வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2021ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதே காரணத்துக்காகத்தான். நானும் சாம்பார் தாளிக்கும்போது போனைக் கொடுத்திருக்கிறேன், யோக்கியம் பேசவில்லை.

சரி, எப்போது பேசுவது? தனியாக நேரம் ஒதுக்கினால் நாலு நாளில் நின்றுவிடும், என் அனுபவம். ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் செருகுங்கள். எங்களுக்கு அது காலையில் ஸ்கூலுக்குப் போகும் ஷேர் ஆட்டோ. பாப்பா எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றித்தான் பேச்சு, நான் எதைச் சொல்லித்தர நினைக்கிறேனோ அதைப் பற்றி இல்லை. அவள் "மாடு" என்றால் "ஆமா மாடு, நடு ரோட்ல படுத்திருக்கு, ஏன் அங்க போய் படுத்திருக்கு?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஐந்து வரைக்கும் எண்ணுங்கள். இந்த மூடிக்கொண்டு எண்ணுவதுதான் கஷ்டம். நாமே பதிலையும் சொல்லிவிடுவோம், ஆட்டோவில் இருக்கும் பக்கத்து ஆள் வேறு சொல்லிவிடுவார்.

எந்த மொழியில் என்று கேட்பீர்கள். வீட்டில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் வராது, வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று அந்த அட்மிஷன் டேபிளில் எனக்கும் அறிவுரை கிடைத்தது. இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை குழம்பாது. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால் வார்த்தை குறைவாகத் தெரியலாம், இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிப் பிள்ளைக்குச் சமமாக வரும். நமக்கு எந்த மொழியில் ஏன், எப்படி, ஒருவேளை இப்படி இருந்தால் என்று தடங்கல் இல்லாமல் பேச வருகிறதோ, அதில் பேசுவதுதான் பிள்ளைக்கு லாபம். "கண்ணா, மம்மு ஈட் பண்ணு, பேட் பாய் மாதிரி ஸ்பில் பண்ணாத" என்பதில் இங்கிலீஷும் வளராது, தமிழும் வளராது.

மொட்டை மாடியில் பத்து கட்டம்

கணக்கு டியூஷன் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ரமணி, சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008ல் வெளியிட்டது. வசதி குறைந்த குடும்பத்து நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளை, ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட நேர்க்கோட்டுக் கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டை விளையாடவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போல, இரண்டு வாரத்தில் நாலே நாலு தடவை. எண்களை அடையாளம் காண்பது, எண்ணுவது, எது பெரிசு எது சிறிசு என்பது எல்லாம் கூடியது, ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் நின்றது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்ட கட்டத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

செய்முறை சொல்கிறேன். சாக்பீஸால் நேர்க்கோட்டில் பத்து கட்டம், ஒரே அளவில், இடமிருந்து வலமாக. வட்டமாகப் போடாதீர்கள், வட்டப் பலகையில் இவ்வளவு பலன் இல்லை என்று அவர்களே சோதித்திருக்கிறார்கள். தாயக்கட்டை வேண்டாம், புளியங்கொட்டை இரண்டு போதும். ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, போடும்போது ஒரு வெள்ளை விழுந்தால் ஒன்று, இரண்டும் விழுந்தால் இரண்டு, இல்லாவிட்டால் திரும்பப் போடுங்கள். காய்க்குப் பதில் பிள்ளையையே கட்டத்தில் நிற்கவைத்தால் இன்னும் குஷி.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை நாலில் நிற்கிறது, இரண்டு விழுந்தது. வழக்கமாக "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே தாவும். அப்படி விடக்கூடாது. காலை வைக்கும் கட்டத்தில் இருக்கும் எண்ணையே சொல்லவேண்டும், "அஞ்சு, ஆறு" என்று. பிறகு செய்த ஆய்வில் இந்த எண்ணும் முறைதான் பலனுக்குக் காரணம் என்று பிரித்துக் காட்டினார்கள். பாப்பா முதல் மூன்று நாள் அழிச்சாட்டியம் பண்ணினாள், "ரெண்டுதானே விழுந்துச்சு, ஏன் அஞ்சு சொல்லணும்?" என்று. நியாயமான கேள்விதான். நான் முன்னால் போய் என் முறையில் சத்தமாகச் சொல்லித் தாவினேன், அவளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து சொன்னேன், நாலாவது நாள் கையை உதறிவிட்டு அவளாகவே "ஏழு, எட்டு!" என்று கத்திக்கொண்டு போனாள். படிப்பு விஷயத்தில் சாரக்கட்டு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 1976ல் வுட், ப்ரூனர், ராஸ் மூவரும் எழுதியது. எங்கள் தெருவில் கட்டும் வீட்டைத் தினமும் பார்ப்பதால் எனக்கு அது சட்டென்று புரிந்தது. சவுக்குக் கம்பைச் சுவர் எழும்ப எழும்பக் கட்டுவார்கள், பூச்சு காய்ந்ததும் அவிழ்ப்பார்கள். அவிழ்க்காமலே விட்டால் வீட்டில் குடிபோக முடியாது. ப்ராஜெக்ட் ஒர்க்கை அம்மாவே செய்து கொடுப்பது அப்படி விட்ட சாரம்தான்.

மழை நாளில் தினசரி காலண்டர் தாள்களைத் திருப்பி வரிசையாக ஒட்டிவிடுவேன், ஹாலில் பத்துத் தாள் கச்சிதமாக வரும்.

சொன்னால் செய்யுங்கள், இல்லாவிட்டால் சொல்லாதீர்கள்

மிட்டாய்ச் சோதனை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இப்போதே என்றால் ஒன்று, கால் மணி காத்திருந்தால் இரண்டு. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் செய்தது, காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்பார்கள். அவை பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பிள்ளைகள். 2018ல் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகிவிட்டது, குடும்ப வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கிவிட்டது.

இதில் நான் எடுத்துக்கொண்டது 2013ல் ரோசெஸ்டரில் 28 பிள்ளைகளோடு செய்த சின்ன ஆய்வை. மிட்டாய்க்கு முன்னால், நல்ல கிரேயான் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் போனவர், பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார், மீதிப் பேரிடம் "அடடா, இல்லையே" என்று வெறும் கையோடு வந்தார். ஏமாந்தவர்கள் சராசரியாக மூன்று நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் பன்னிரண்டு நிமிடம். சின்ன ஆய்வுதான், 28 பேர்தான், நான் மேலே கொடுத்த கேள்வியை இதற்கும் கேட்க வேண்டும். ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கச் செலவில்லாத விஷயம். "சமர்த்தா இருந்தா ஞாயித்துக்கிழமை கிண்டி சில்ட்ரன்ஸ் பார்க்" என்று நாம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கடன் வைத்திருக்கிறோம்? நான் பெரிய வாக்குகளை விட்டுவிட்டேன். "சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியில கட்டம்" என்று சொன்னால் ஆறுக்கு ஏறிவிடுவேன், குக்கரை அணைத்துவிட்டாவது.

பாராட்டு பற்றி ஒரு வார்த்தை. "நீ புத்திசாலி" என்பதைவிட "விடாம முயற்சி பண்ணினே" என்பது நல்லது என்ற கரோல் டுவெக்கின் ஆய்வு உண்மைதான். அதை வைத்து ஒரு வகுப்பே நடத்தும் அளவுக்குப் பலன் பெரிதில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களிடம், முயன்றால் திறமை வளரும் என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோது வந்த முன்னேற்றம் சின்னதுதான், அதுவும் மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு. சொல்லும் வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள், பணம் கட்டாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான்

இதையெல்லாம் திங்கட்கிழமையே ஆரம்பித்தால் புதன்கிழமை நீங்களும் பிள்ளையும் சேர்ந்து அழுவீர்கள். ஒன்றை எடுங்கள், இரண்டு வாரம் வையுங்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் இப்போது என்ன வருகிறது என்று எழுதிவையுங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாப்பாவுக்கு முதல் நாள் நான் எழுதியது "6, 9 மாற்றிச் சொல்கிறாள். 8 பெரிசா 5 பெரிசா என்றால் ஊகம்." இரண்டு வாரம் கழித்து 8 பெரிசு என்று காரணத்தோடு சொன்னாள், 6ம் 9ம் இன்னும் குழப்பம்தான். அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் எல்லாமே சரியாகிவிட்டது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். குழந்தைகளுக்கான டிவிடிக்களை 2010ல் சோதித்தபோது இதுதான் நடந்தது, பிள்ளைகள் அதில் ஒன்றும் பெரிதாகக் கற்கவில்லை, ஆனால் டிவிடி பிடித்துப்போன பெற்றோர் பிள்ளை நிறையக் கற்றதாகவே சொன்னார்கள்.

ஆராய்ச்சி எல்லாம் சராசரி பற்றியது என்பதையும் மறக்க வேண்டாம். பலன் கூடியது என்றால் கூட்டத்துக்குக் கூடியது. அந்தக் கூட்டத்திலேயே சில பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உங்கள் பிள்ளை அதில் ஒன்றாக இருக்கலாம். இரண்டு வாரத்தில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வீட்டுச் சோதனை கூடாத இடம்

ஒரு விஷயத்தில் மட்டும் படித்துக்கொண்டும் முயன்றுகொண்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் இல்லை, கை நீட்டிக் காட்டுவதில்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சு திரும்பிப் போகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று என் அத்தை சொன்னதைக் கேட்டு, எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு ஒன்றரை வருடம் போய்விட்டது. அவனுக்குக் காதில்தான் பிரச்சினை. நாங்கள் எல்லோரும் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ போகும் பிள்ளை என்றால் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கேயே வந்து பார்க்கும், அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள், தேவை என்றால் மேலே அனுப்புவார்கள், செலவில்லை. இல்லாவிட்டால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தாய் சேய் நல அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற படங்களே இருக்கின்றன, தடுப்பூசிப் பக்கத்தைத் தாண்டி யாரும் திருப்புவதில்லை. முதல் நாள் சாயங்காலமே பிள்ளை வீட்டில் விளையாடுவதையும், கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதையும் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துவையுங்கள், ஏனென்றால் புது இடத்தில், புது ஆள் முன்னால், எல்லாப் பிள்ளையும் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாயே திறக்காது.